சைக்கிள் டியூப் துண்டில் ஒரு பனியாறு

பனியாறு, அதாவது மலையில் மெல்ல நகர்ந்து இறங்கும் பெரும் பனித்திரள், பள்ளத்தாக்கை எப்படிச் செதுக்குகிறது என்று வீட்டில் மாதிரி செய்து பார்த்தேன். நேற்று மாலை, வார்த்த வாய்க்காலில் என் மாதிரிப் பனியாற்றின் 1,400ஆவது இழுப்பு முடிந்ததும், வடிவத்தைப் படியெடுக்கும் குச்சிச் சீப்பை எடுத்து வாய்க்காலின் குறுக்கே வைத்து அழுத்தினேன். குச்சி நுனிகள் இந்த முறை ஒரு புள்ளியில் கூம்பி நிற்கவில்லை. தொட்டியின் அடிபோல வளைந்து நின்றன. ‘வி’ வடிவத்தில் வார்த்த பள்ளத்தாக்கு ‘யு’ வடிவத்துக்கு வந்துவிட்டது. மூன்று வாரம் ஆனது. இடையில் பனியாறு செய்யப் போய் ஒரு முறை ஆறு செய்தேன், ஒரு முறை ரப்பர் செய்தேன், ஒரு முறை கழுவுதொட்டியின் குழாயை அடைத்தேன். மறப்பதற்குள் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஆரம்பித்து வைத்தவன் அக்கா மகன். சுவிட்சர்லாந்தின் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்குப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன், “மாமா, ஆறு இத்தனூண்டு இருக்கு, பள்ளத்தாக்கு மட்டும் ஏன் இவ்ளோ பெருசு?” என்று கேட்டான். அதை வெட்டியது அந்த ஆறு இல்லை, பனியாறு என்றேன். “ஐஸ் எப்படிக் கல்லை வெட்டும்?” என்றான். பாடப்புத்தகத்தில் படித்த ‘உராய்தல், பறித்தல்’ என்ற இரண்டு சொல்லையும் சொன்னேன். அவன் முகத்தைப் பார்த்தால் நம்பியதாகத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கே அந்த இரண்டு சொல்லுக்குமேல் ஒன்றும் தெரியாது. சரி, செய்து பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதல் முயற்சி: ஆறு

ஒட்டுப்பலகையில் 90 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழத்துக்கு ஒரு தட்டு. உள்ளே பிளாஸ்டிக் தாள் விரித்து, நுண்மணலை ஈரமாக்கி நிரப்பி, கரணையால் நடுவில் ‘வி’ வாய்க்கால் கீறினேன். ஒரு பக்கம் செங்கல் வைத்து உயர்த்தினேன். சரிவு 12 பாகை. பாகைமானியில் நூலும் கல்லும் கட்டித் தொங்கவிட்டு அளந்தது. மேல்முனையில் ஒரு கிலோ ஐஸ் கட்டியை வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

கட்டி இரண்டு விரற்கடை நகர்ந்து நின்றுவிட்டது. அதற்கப்புறம் உருகியது, அவ்வளவுதான். உருகிய தண்ணீர் வாய்க்காலின் அடியில் பென்சில் பருமனுக்கு ஒரு கோடு அறுத்துக்கொண்டு ஓடியது. கரை சரிந்தது. கீழே விசிறி மாதிரி மணல் படிந்தது. முக்கால் மணி நேரத்தில் ஆற்றின் வேலையை அழகாகச் செய்து முடித்திருந்தேன்.

அப்புறம்தான் எடையைக் கணக்குப் போட்டேன். பனிக்கட்டியின் அடர்த்தி கன மீட்டருக்கு 917 கிலோ. 100 மீட்டர் தடிமனுள்ள பனி ஒரு சதுர மீட்டர் தரையை ஏறக்குறைய 92 டன் எடையோடு அழுத்துகிறது. என் கட்டி 8 செ.மீ. உயரம், அதே கணக்கில் சதுர மீட்டருக்கு 73 கிலோ. சுவிட்சர்லாந்தின் அலெட்ச் பனியாற்றில் கிளைகள் கூடும் இடத்தில் தடிமன் 800 மீட்டர் இருக்கும். எடைக்கு நான் ஈடு கொடுக்க முடியாது என்றால் பாறையை மிருதுவாக்க வேண்டும், பனியைக் கூர்மையாக்க வேண்டும். மணலை விட்டுவிட்டு பிளாஸ்டர் ஆஃப் பாரிசுக்குப் போனேன்.

இரண்டாவது: வெறும் ஐஸ், மணல் ஐஸ்

30க்கு 20 செ.மீ. அளவில், 2 செ.மீ. கனத்தில் நான்கு பிளாஸ்டர் பலகைகள் வார்த்து மூன்று நாள் காயவிட்டேன். முதல் பலகையில் சுத்தமான ஐஸ் கட்டியை நூறு முறை அழுத்தி இழுத்தேன். கை விறைத்துப்போனது. பலகையில் ஒரு கீறல் கூட இல்லை. ஈரம் பட்டு லேசாக மினுமினுத்தது, அவ்வளவே. விழும் என்று எதிர்பார்த்ததுதான் தப்பு. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் (எண் கூடினால் கடினமும் கூடும்) உருகும் நிலையிலுள்ள பனிக்கட்டி 1.5க்குப் பக்கத்தில், பிளாஸ்டராகிய ஜிப்சம் 2. மணலிலுள்ள குவார்ட்ஸ் 7. பையனின் சந்தேகம் நியாயமானது: ஐஸ் கல்லை வெட்டாது. ஐஸ் பிடித்துக்கொண்டிருக்கும் கல்தான் கல்லை வெட்டும். உப்புத்தாளில் தாளுக்கு என்ன வேலையோ, பனியாற்றில் பனிக்கு அந்த வேலை.

மணல் ஐஸ் செய்வதிலும் ஒரு தடவை சறுக்கினேன். டப்பாவில் தண்ணீர் ஊற்றி மணலைத் தூவி உறையவைத்தேன். மணல் அடியில் போய்ப் படிந்தது. நல்லதுதான் என்று நினைத்தேன். ஆனால் இழுக்க ஆரம்பித்த ஐந்தாறு இழுப்பிலேயே அடிப்பரப்பு உருகி, மணல் மொத்தமும் சேறாகக் கழன்றுவிட்டது. மிச்சம் வெறும் ஐஸ்.

சரிசெய்த முறை இது. டப்பா அடியில் 4 முதல் 6 மி.மீ. வரையுள்ள, விளிம்பு மழுங்காத ஜல்லிப் பொடியை ஒரு செ.மீ. பரப்பி, அது மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு முதலில் உறையவைத்தேன். அதன்மேல் இன்னும் ஒரு அடுக்கு ஜல்லி, மறுபடி கொஞ்சம் தண்ணீர். கடைசியில்தான் மேலே முழுத் தண்ணீர். இழுப்பதற்கு ஒரு கயிற்றுக் கண்ணியையும் அதிலேயே சேர்த்து உறையவைத்தேன். கட்டியை எடுத்ததும் அடிப்பக்கத்தை வெந்நீர்த் துணியால் ஒரு முறை துடைத்தால் கல் முனைகள் ஒரு மி.மீ. வெளியே தலைகாட்டும். கீழ் அடுக்கு உருகிக் கழன்றால் மேல் அடுக்கு வேலைக்கு வரும். இந்தக் கட்டி நாற்பது இழுப்பு வரை தாங்கியது.

பலகையில் விழுந்த கீறல்கள் எல்லாம் இழுத்த திசைக்கு இணையாக இருந்தன. விரலை வைத்தால் நெருடியது. சில கீறல்கள் திடீரென்று ஆரம்பித்து, ஆழமாகி, பாதியில் நின்றிருந்தன. கல் அங்கே உருண்டிருக்கும், அல்லது கழன்றிருக்கும். பனி விலகிப்போன பாறைகளில் இதே மாதிரிக் கோடுகளைப் பார்த்துத்தான் பனி எந்தத் திசையில் போனது என்று நிலவியலாளர்கள் சொல்கிறார்கள். ஒரு கீறலைப் பூதக்கண்ணாடியில் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை நின்றதே தவிர நஷ்டம் இல்லை.

அடுத்தது தற்செயலாக நடந்தது. மைனஸ் 18 பாகையில் இருந்த கட்டியை அவசரத்தில் துடைக்காமல் ஈரப் பலகைமேல் வைத்துவிட்டேன். போன் வந்தது. பேசிவிட்டு வந்து இழுத்தால் வரவில்லை. பலகையோடு சேர்ந்து உறைந்திருந்தது. பலமாக இழுத்தேன். ‘டக்’ என்ற சத்தத்தோடு கட்டி வந்தது, அதன் அடியில் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டர் சில்லும் வந்தது. அந்த இடத்தில் முன்பே ஒரு மயிரிழை விரிசல் இருந்தது. ‘பறித்தல்’ என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்! விரிசலில் தண்ணீர் போய் உறைந்து, நகரும் பனி அந்தத் துண்டைப் பெயர்த்துக்கொண்டு போகிறது. பெயர்த்த துண்டே அப்புறம் அடுத்த பாறைக்கு உப்புத்தாள்.

இன்னொரு பலகையில் கவிழ்த்த முட்டை ஓடு மாதிரி ஒரு மேடு வார்த்து, அதன் ஒரு பக்கத்தில் வேண்டுமென்றே ஆக்ஸா பிளேடால் குறுக்கு வெட்டுகள் போட்டு, இதையே திருப்பிச் செய்து பார்த்தேன். பனி ஏறி வரும் பக்கம் வழவழப்பாகத் தேய்ந்தது, இறங்கும் பக்கம் படிப்படியாகப் பெயர்ந்தது. ஆல்ப்ஸ் மலையில் இப்படிப்பட்ட பாறை மேடுகளுக்கு 18ஆம் நூற்றாண்டில் சோசூர் என்ற அறிஞர் ‘ரோஷ் மூட்டோன்னே’ என்று பேர் வைத்தார். அந்தக் காலத்து அலையலையான பொய்முடி மாதிரி இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியதாம். என் மேடு பொய்முடி மாதிரி இல்லை, பாதி கடித்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. வெட்டுகளை நானே போட்டுக் கொடுத்ததால் இதை முழு வெற்றி என்று சொல்லமாட்டேன்.

குழாய் அடைத்ததும் இந்தக் கட்டத்தில்தான். பிளாஸ்டர் கலந்த பாத்திரங்களைக் கழுவுதொட்டியிலேயே கழுவினேன். பிளாஸ்டர் தண்ணீருக்குள்ளும் இறுகும் என்று தெரிந்திருந்தும் செய்தேன். நான்காம் நாள் தண்ணீர் இறங்கவில்லை. அடிவளைவைக் கழற்றி, உள்ளே சுண்ணாம்புக் கொழுக்கட்டையாக இருந்ததை உளியால் கொத்தி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அதிலிருந்து எல்லாக் கழுவலும் வாளியில். இரண்டு நாள் தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் கொட்டுகிறேன்.

அந்த வாளி இன்னொன்றையும் காட்டியது. மணல் உடனே படிந்துவிட்டது. ஆனால் தேய்ந்த தூள் இரண்டாம் நாளும் பால் மாதிரி மிதந்தது. பனியாறு அரைக்கும் கல்மாவும் இப்படித்தான் தண்ணீரில் மிதக்கிறது. கனடாவில் லூயிஸ் ஏரி, பேட்டோ ஏரி இரண்டும் அந்த நீலப்பச்சை நிறத்தில் இருப்பதற்கு மிதக்கும் கல்மாவில் வெளிச்சம் சிதறுவதுதான் காரணம். என் வாளிக்கு அந்த அழகெல்லாம் வரவில்லை; சுண்ணாம்படித்த தண்ணீர் மாதிரி இருந்தது.

மூன்றாவது: பசைப் பனியாறு

ஐஸ் கட்டி தேய்க்கும், ஆனால் ஓடாது. நிஜப் பனியாறு இரண்டையும் செய்கிறது. தன் எடையிலேயே உள்ளுக்குள் நெளிந்து ஓடுகிறது, அடியில் பாறைமேல் சறுக்கவும் செய்கிறது. ஓட்டத்தைப் பார்க்க ஸ்லைம் செய்தேன். ஒரு லிட்டர் வெள்ளைப் பசையில் (மரவேலைக்குப் பயன்படுவது) முக்கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர். தனியாக அரை லிட்டர் வெந்நீரில் எட்டுத் தேக்கரண்டி வெங்காரம் (போராக்ஸ்) கரைத்து, இரண்டையும் சேர்த்துக் கையால் பிசைய வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெங்காரம் கண்ணிலோ வாயிலோ படக்கூடாது, சின்னப் பிள்ளைகளைப் பிசையவிடவும் கூடாது.

முதல் தடவை வெங்காரத்தைக் கண்ணளவில் போட்டேன். ரப்பராகிவிட்டது. 15 பாகைச் சரிவில் ஒரு மணி நேரத்தில் ஒரு செ.மீ. போயிருக்கும். கோபத்தில் கீழ்முனையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன், குறுக்கே பிளந்தது. மெதுவாக இழுத்தால் நீள்கிறது, வெடுக்கென்று இழுத்தால் உடைகிறது. பனியிலும் மேலே இருக்கும் சில பத்து மீட்டர் இப்படித்தான் உடைந்து வெடிப்புகளாகிறது. அதற்குக் கீழே அழுத்தத்தில் உடையாமல் நெளிகிறது. கெட்டுப்போன அந்தப் பிண்டத்தை ஒரு படிக்கட்டின் விளிம்பில் தொங்கவிட்டு, வெடிப்புகள் எந்தப் பக்கம் விழுகின்றன என்று பையனுக்குக் காட்டினேன். மொத்தத்தில் மிகவும் சந்தோஷப்பட்டது இதற்குத்தான்.

இரண்டாவது பிசைவு சரியாக வந்தது. இரண்டு அக்ரிலிக் தகடுகளை 60 பாகை கோணத்தில் சிலிக்கான் பசையால் ஒட்டி, கண்ணாடி மாதிரி ஊடே தெரியும் ‘வி’ வாய்க்கால் ஒன்று செய்திருந்தேன். பசைப் பனியாறு கொஞ்சம் இறங்கியதும் அதன்மேல் குறுக்கே ஏழு பல்குத்தும் குச்சிகளை நேர்வரிசையாக நட்டேன். நாற்பது நிமிடத்தில் நடுக்குச்சி 11 செ.மீ. போயிருந்தது, ஓரக் குச்சிகள் 2 செ.மீ. கூடத் தாண்டவில்லை. வரிசை வில்லாக வளைந்துவிட்டது. 1840களில் லூயி அகாசிஸ் என்ற சுவிஸ் அறிவியலாளர் ஆல்ப்ஸின் ஊண்டரார் பனியாற்றில் முளையடித்துப் பார்த்ததும் இதைத்தான். அதே பனியாற்றின்மேல் ஹூகி என்பவர் 1827இல் கட்டிய குடிசை, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கீழே போயிருந்தது. வீடு கட்டிய இடத்தில் வீடு இல்லை!

ஆனால் எனக்கு வேண்டியது மேலே நடப்பது இல்லை, அடியில் நடப்பது. பசையின் அடிப்பரப்பில் நீலச்சாயப் புள்ளிகள் வைத்து, தகட்டின் கீழிருந்து பார்த்தேன். புள்ளிகள் அசையவே இல்லை. மேலே 11 செ.மீ. ஓட்டம், அடியில் பூஜ்யம். பசை தகட்டோடு ஒட்டிக்கொண்டு, தன் உள்ளேயே நெளிந்து ஓடியிருக்கிறது. ஒரு நாள் முழுக்கத் தகட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது, இதுவும் நிஜத்தில் உண்டு. கடுங்குளிரில் அடிப்பாறையோடு உறைந்து ஒட்டிய பனியாறுகள் நிலத்தை அதிகம் செதுக்குவதில்லை. சில இடங்களில் பழைய நிலத்தை மூடிப் பாதுகாக்கவே செய்கின்றன. சறுக்குவதற்கு அடியில் தண்ணீர் வேண்டும்.

தகட்டில் சோப்புத் தண்ணீர் பூசிவிட்டு மறுபடி ஓடவிட்டேன். இப்போது புள்ளிகள் நகர்ந்தன. எப்படி நகர்ந்தன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ‘வி’யின் அடிமூலையில் இருந்த புள்ளிகள் 2 செ.மீ. போயிருந்தன, சுவரில் பாதி உயரத்தில் இருந்தவை 6 செ.மீ. அடிமூலையில் பசை இரண்டு சுவருக்கும் நடுவே இடுக்கில் மாட்டிக்கொள்கிறது, இரு பக்கமும் உரசல். கொஞ்சம் மேலே போனால் தாராளமாகச் சறுக்குகிறது. வேகமாகச் சறுக்கும் இடத்தில்தான் தேய்மானமும் அதிகம். ஆக ‘வி’ அடியில் ஆழமாவதைவிட வயிற்றுப் பக்கம் வேகமாக அகலமாகும். பக்கம் அகன்று அகன்று, மூலை மறைந்து, ‘யு’ வந்துவிடும். இதை எழுத மூன்று வரிதான். கண்ணால் பார்க்க எட்டு நாள் ஆனது.

பசையைக் கழுவிப்போடும் முன் ஒரு சின்ன விளையாட்டு. இரண்டு வாய்க்கால்களை ஒன்றாகச் சேரவிட்டு, ஒவ்வொரு பசையின் ஓரத்திலும் கறுப்பு மணலைத் தூவினேன். சேர்ந்த இடத்தில் இரண்டு ஓரக் கோடுகள் ஒட்டி, நடுவில் ஒரே கறுப்புக் கோடாகக் கீழே போனது. அலெட்ச் பனியாற்றுப் படங்களில் தண்டவாளம் மாதிரி ஓடும் கறுப்புப் பட்டைகள் இவைதான், நடு மொரைன் (மொரைன் என்றால் பனியாறு சுமந்துவரும் கல்லும் மண்ணும்). பத்து நிமிட வேலை. இதை மட்டும் செய்தாலே போதும் என்று சொல்லக்கூடிய அளவுக்கு அழகு.

நான்காவது: டியூப்

இப்போது தேய்ப்பையும் வடிவத்தையும் சேர்க்க வேண்டும். பாறைக்கு பிளாஸ்டரும் நுண்மணலும் கலந்தேன். ஒன்றுக்கு மூன்று என்ற கலவை கல்லாகிவிட்டது. ஒன்றுக்குப் பத்து அச்சிலிருந்து எடுக்கும்போதே பொலபொலவென்று உதிர்ந்தது. ஒன்றுக்கு ஆறு சரியாக இருந்தது. காய்ந்தபின் நகத்தால் அழுத்திக் கீறினால் வரும். எண்ணெய் தடவிய மர அச்சில் 60 செ.மீ. நீளம், 8 செ.மீ. ஆழம், 60 பாகை கோணத்தில் ‘வி’ வார்த்து நான்கு நாள் காயவிட்டேன்.

ஜல்லி ஐஸ் கட்டியை அந்த வாய்க்காலில் நன்றாகப் பொருந்த வேண்டும் என்று அதே ‘வி’ அச்சில் உறையவைத்தேன். இதைவிட முட்டாள்தனம் இந்த வேலையில் வேறு இல்லை. கட்டியும் ‘வி’, வாய்க்காலும் ‘வி’. 150 இழுப்புக்கு அப்புறம் பழைய ‘வி’யே கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. ஐஸ் கட்டி ஒரு கெட்டித் துண்டாக நகர்கிறது, எல்லா இடத்திலும் ஒரே வேகம். வடிவத்தை மாற்ற அதனிடம் எதுவும் இல்லை.

நெகிழும் உடம்பு வேண்டும், மேலே உப்புத்தாளும் வேண்டும். பழைய 26 அங்குல சைக்கிள் டியூபில் 40 செ.மீ. வெட்டி, ஒரு முனையை முடிந்து, ஈரமணலை இறுக்கி நிரப்பி, மறுமுனையைக் கயிற்றோடு கட்டினேன். விட்டம் 5.6 செ.மீ., எடை 1.9 கிலோ. சாதாரண உப்புத்தாள் தண்ணீரில் பத்தே நிமிடத்தில் கூழாகிவிட்டது. துணியில் ஒட்டிவரும் எமரித் தாளை, 60ஆம் எண், 2 செ.மீ. பட்டைகளாக வெட்டி, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனால் குறுக்கே ஒட்டினேன். பட்டைகளுக்கு நடுவே அரை செ.மீ. இடைவெளி விட்டால்தான் டியூப் வளையும். மூன்று முறை பட்டை மாற்ற வேண்டியிருந்தது.

மேலிருந்து கீழாக மட்டும் இழுப்பு. திரும்பத் தூக்கி மேலே வைக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் அது பனியாறு இல்லை, ரம்பம். மேலே ஒரு பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நாளைக்கு 200 இழுப்பு, முக்கால் மணி நேரம், ஏழு நாள். ஒவ்வொரு 200க்கும் குறுக்குவெட்டை வரைந்துகொண்டேன். அதற்கான கருவிதான் குச்சிச் சீப்பு: இரண்டு மரச்சட்டத்துக்கு நடுவே முப்பது மூங்கில் குச்சிகளை நெருக்கி வைத்துத் திருகாணியால் லேசாக இறுக்கியது. வாய்க்காலில் அழுத்தினால் குச்சிகள் அதன் வடிவத்துக்கு இறங்கும், திருகாணியை முழுக்க இறுக்கி எடுத்துக் கட்டத்தாளில் வரையலாம். மொத்த வேலையில் நான் பெருமைப்படும் ஒரே கருவி இது.

முதல் 400 இழுப்பில் அடிமூலையை டியூப் தொடவே இல்லை. அடியிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் இரண்டு சுவரிலும் கன்னக்குழி மாதிரி விழுந்தது. 800இல் குழிகள் கீழே இறங்க ஆரம்பித்தன. அன்றைக்குச் சீப்பை வைத்துப் பார்த்தால் அடி தட்டையாக இருந்தது! வந்துவிட்டது என்று துள்ளினேன். விரலால் தொட்டால் புதைந்தது. தேய்ந்த சேறு மூலையில் படிந்து சமதளமாகத் தெரிந்திருக்கிறது. வழித்துப் பார்த்தால் அடியில் பழைய ‘வி’ அப்படியே. அன்றிலிருந்து அளக்கும் முன் பஞ்சால் துடைப்பது வழக்கமானது. இந்த ஏமாற்று எனக்கு மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவின் யோசமிட்டி பள்ளத்தாக்கின் தட்டைத் தரையும் பாறை இல்லை. பனி தோண்டிய பள்ளத்தை வண்டல் நிரப்பியிருக்கிறது, சில இடங்களில் 500 மீட்டருக்கும் மேல்.

1,400இல் கணக்கு இப்படி: அடியிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் அகலம் 2.3 செ.மீ. ஆக இருந்தது, 5.4 ஆனது. 5 செ.மீ. உயரத்தில் 5.8 இருந்தது, 5.9 ஆனது. உச்சியில் 9.2, மாற்றமே இல்லை. அடிக்கோடு 2 மி.மீ. தான் இறங்கியது. வாளியில் சேர்ந்த தூளைக் காயவைத்து நிறுத்தேன்: 1 கிலோ 40 கிராம்.

டியூப் எட்டாத உயரத்தில் பழைய ‘வி’ சுவர் சாய்வாகவே நின்றது. கீழே செங்குத்துச் சுவர், மேலே சாய்வு, நடுவில் ஒரு தோள். லாட்டர்புருன்னன் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ம்யூரன் என்ற ஊர் செங்குத்துப் பாறைக்கு மேலே அப்படி ஒரு தோளில்தான், கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தாக்கின் தரை 800 மீட்டரில். நான் தேடாமல் கிடைத்தது இது.

ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. டியூப் ‘யு’ செய்தது, பனியாறு செய்கிற காரணத்தால் இல்லை. பருமனான டியூபால் மூலைக்குள் நுழைய முடியவில்லை, அதனால் சுவரைத் தேய்த்தது. பனி மூலைக்குள் நுழையும். நுழைந்து அங்கே மெதுவாகப் போகும். பலன் ஒன்று, காரணம் வேறு. காரணத்தைக் காட்டுவது அக்ரிலிக் வாய்க்காலின் நீலப் புள்ளிகள்தான். ஆழமாகத் தோண்டுவதும் என் டியூபுக்கு வரவில்லை. பனியாறுகள் தோண்டியதில் நார்வேயின் சோக்னஃபியோர்டு என்ற, கடல் புகுந்த பள்ளத்தாக்கு 1,300 மீட்டர் ஆழத்துக்குப் போயிருக்கிறது.

கிளைப் பள்ளத்தாக்கு

வார்க்கும்போதே பக்கவாட்டில் 20 பாகைச் சரிவில் ஒரு சின்னக் கிளை வாய்க்காலையும் சேர்த்திருந்தேன், பிரதான வாய்க்காலின் அடியோடு சமமாகச் சேரும்படி. அதற்குக் குழந்தைகள் சைக்கிளின் மெல்லிய டியூபில் ஒரு குட்டிப் பனியாறு. பெரியது சுவரை அரித்துப் பின்னால் தள்ளத் தள்ள, கிளையின் வாய் வெட்டுப்பட்டுத் தரைக்கு மேலே நின்றுவிட்டது. வெர்னியரில் அளந்தால் 6 மி.மீ. இதுதான் தொங்கும் பள்ளத்தாக்கு. லாட்டர்புருன்னனில் ஸ்டாப்பாக் அருவி இப்படிப்பட்ட ஒரு விளிம்பிலிருந்துதான் ஏறக்குறைய 300 மீட்டர் விழுகிறது. என்னுடையது 6 மி.மீ. அருவி. குறை சொல்வதற்கில்லை.

மலைச்சரிவில் நாற்காலி மாதிரி குடையும் சர்க் என்ற பள்ளத்துக்கும் முயன்றேன்; ஐஸ் உருண்டையைக் குழியில் வைத்துச் சுழற்றியதில் கிண்ணம்தான் வந்தது. அதன் வாசலில் இருக்கவேண்டிய பாறை உதடு வரவில்லை. அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

அடுத்த முறை டியூபுக்குப் பதில் மூன்று மெல்லிய டியூப்களைச் சேர்த்துக் கட்டி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு வேகத்தில் இழுக்கும் மாதிரி ஒரு உருளை அமைப்பு செய்ய ஆசை. நடுவில் இருப்பது மெதுவாக, பக்கத்தில் இருப்பவை வேகமாக. அப்போதுதான் காரணமும் சரியாக இருக்கும். வார்ப்பை 60 செ.மீ. என்பதற்குப் பதில் 90 ஆக்க வேண்டும். இரு முனைகளிலும் 10 செ.மீ. அளவு டியூப் ஏறி இறங்குவதில் கெட்டுப்போகிறது, நம்பி அளக்க நடுவில் 40 செ.மீ. தான் மிஞ்சியது. பிளாஸ்டர் இந்த முறை எட்டு கிலோ போனது. தோற்ற வார்ப்புகளுக்கே அதில் பாதி. சின்னக் கிண்ணத்தில் கலவையைச் சோதித்துவிட்டு வார்த்திருந்தால் மிச்சமாகியிருக்கும்.

இன்று காலை பையன் வந்தான். சீப்பு வரைந்த ஏழு கோடுகளையும் பார்த்தான், தோளைத் தடவிப் பார்த்தான். அப்புறம் கேட்காமலே ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து வாய்க்காலின் தலையில் மெல்ல ஊற்றினான். அகலமான தரையில் நூல் மாதிரி ஒரு ஓடை, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வளைந்து வளைந்து போனது. கிளையிலும் கொஞ்சம் ஊற்றினான். விளிம்பிலிருந்து சொட்டியது, சொட்டிய இடத்திலேயே விளிம்பு கரைந்து ஒரு சின்ன ‘வி’ விழ ஆரம்பித்தது. “போதும்டா, நிறுத்து” என்று டம்ளரைப் பிடுங்கிவிட்டு, வார்ப்பைத் தூக்கி வெயிலில் வைத்தேன்.